படத்தையும் நிரலையும் ஏன் சேர்த்து வைக்கிறார்கள்?

எப்போதும்வென்றான் கிராமத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையின் அறிவியல் புத்தகத்திலும் ஸ்கிராச் என்ற நிரலாக்க மென்பொருள் உண்டு. கட்டளை எழுதிய பிளாக்கை இழுத்து ஒட்டினால் திரையில் பூனை நடக்கிறது. எப்படி? ஸ்கிராச் கோப்பின் ‘எஸ்பி3’ வாலை ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். படம், ஒலியோடு ஓர் எழுத்துக்கோப்பும் இருக்கும்: ஒவ்வொரு பிளாக்குக்கும் ஓர் அடையாளம், அடுத்து எது என்ற குறிப்பு. திரையில் தெரியும் பிளாக்குகள் அந்த எழுத்துக்கோப்பின் இன்னொரு தோற்றம்தான்.

பெரிய மென்பொருள்களையும் இப்படிப் படமாகக் காட்ட 1997 முதல் யூ.எம்.எல். என்ற பொது வரைபட முறை இருக்கிறது. ஆனால் வரைபடம் தனியே இருந்தால் நிரல் மாறிவிடும், படம் பழசாகவே கிடக்கும். அதனால்தான் வரையும் கருவியை நிரல் எழுதும் இடத்துக்குள்ளேயே சேர்த்தார்கள். ஒன்றில் பெயரை மாற்றினால் மற்றதிலும் மாறும். எந்தப் பகுதி எதோடு சேர்கிறது என்று காட்டப் படம் அருமை. நுணுக்கமான கணக்கை வரையப் போனால் இடியாப்பம்தான். அங்கே எழுத்தே மேல்.