அராரத் யெரெவான்: ஒரே ஆண்டில் இரட்டை வெற்றி

ஆர்மீனியாவின் தலைநகரான யெரெவானில் 1935-ஆம் ஆண்டு ஸ்பார்டக் என்னும் பெயரில் தொடங்கப்பெற்ற கால்பந்துக் கழகம், இன்று துருக்கியின் எல்லைக்குள் அமைந்திருந்தபோதிலும் ஆர்மீனியர்கள் தங்கள் தேசிய அடையாளமாகப் போற்றும் அராரத் மலையின் பெயரை 1963-இல் ஏற்றது. நிகிதா சிமோனியானின் பயிற்சியில் 1973-இல் சோவியத் ஒன்றியத்தின் முதல்நிலை லீக் பட்டத்தை வென்ற இக்கழகம், தோற்ற அணி வெளியேறும் முறையில் நடைபெற்ற சோவியத் கோப்பையின் இறுதிப் போட்டியிலும் அதே ஆண்டில் கீவ் நகரின் டைனமோ அணியை 2-1 என வீழ்த்தியது. இறுதி நிமிடங்களில் ஆட்டத்தைச் சமன்செய்த கோலையும், கூடுதல் நேரத்தில் வெற்றி தந்த கோலையும் லெவோன் இஷ்டோயான் அடித்தார். பல்வேறு நாடுகளின் லீக் வாகையர் மோதிய ஐரோப்பியக் கோப்பையில் 1975-இல் காலிறுதி வரை முன்னேறி, பேயர்ன் மியூனிக் அணியிடம் மியூனிக்கில் 2-0 எனத் தோற்று, யெரெவானில் 1-0 என வென்றபோதிலும், மொத்தக் கோல் கணக்கில் பின்தங்கியதால் வெளியேறியது. சோவியத் லீக் பட்டத்தை வென்ற ஒரே ஆர்மீனியக் கழகம் அராரத் யெரெவானே ஆகும்.