நண்பனோடு நகர் உலா

பிறநாடு சென்று கல்வி பயிலும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஏழாம் நூற்றாண்டில் சீன நாட்டினின்றும் புறப்பட்ட யுவான் சுவாங் என்னும் துறவி, மலையும் பாலையும் கடந்து நாளந்தாவை அடைந்தார். ஆங்குச் சீலபத்திரர் என்னும் பேராசிரியரிடம் பயின்றார். நூல்களைக் கற்றதோடு அவர் அமைந்துவிடவில்லை. ஊர்தோறும் சென்றார், பல்லவர் தலைநகராகிய காஞ்சிக்கும் வந்தார், கண்டவற்றையெல்லாம் எழுதி வைத்தார். நாடோறும் கண்டு பழகியதனால் நம் நாட்டார் எழுதாது விட்ட செய்திகள் பலவற்றை அவ்வயலார் வியந்து எழுதினார். அக்குறிப்புக்கள் இன்று நம் வரலாற்றுக்குச் சான்றுகளாக விளங்குகின்றன. வந்தவர் கண்ணுக்குப் புலனாவது, இருப்பவர் கண்ணுக்கு மறைந்துபோவதும் உண்டு என்பது இதனால் விளங்கும்.

இவ்வுண்மையை உணர்தற்கு நாளந்தா வரை செல்ல வேண்டுவதில்லை. சென்னைக்குத் தெற்கேயுள்ள தாம்பரமே போதும். 1837ஆம் ஆண்டில் சென்னை நகரினுள் ஒரு பள்ளியாகத் தோன்றி வளர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, நூறாண்டுகள் கழிந்தபின், 1937இல் தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்தது. குறுங்காடு சூழ்ந்த அக்கல்லூரியில் தமிழ்நாட்டு மாணவரேயன்றிப் பிறநாட்டு மாணவரும் விடுதியில் தங்கிப் பயின்று வருகின்றனர். அமெரிக்க நாட்டு டேவிட்சன் கல்லூரி மாணவர்கள் ஒரு பருவ காலம் இங்கு வந்து தங்கிக் கற்றுச் சென்றதும் உண்டு.

அயல்நாட்டிலிருந்து வந்த மாணவனுக்கு வார நாட்கள் விரைந்து கழிந்துவிடும். வகுப்புக்கள் இருக்கும், நூலகம் இருக்கும், விளையாட்டிடம் இருக்கும். சனிக்கிழமை வந்ததும் அருகில் வீடுள்ளோர் வீட்டிற்குச் சென்றுவிடுவர். விடுதியின் தாழ்வாரம் ஒலியடங்கிக் கிடக்கும். தாய் தந்தையர் கடலுக்கு அப்பால் இருக்க, அறையில் தனித்திருப்பவனுக்கு அந்த ஒரு நாள் ஆறு நாட்களினும் நீண்டதாகத் தோன்றும். அந்நாளில், ‘வா, நகரத்தைக் கண்டு வருவோம்’ என ஒருவன் அழைப்பானாயின், அவ்வழைப்பே சிறந்த விருந்தாகும்.

அத்தகைய உலா ஒன்றைக் கற்பனையிற் காண்போம். கென்ய நாட்டிலிருந்து வந்த மாணவன் ஒருவன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவன் மற்றொருவன். குரோம்பேட்டையில் பிறந்து வளர்ந்து, நாள்தோறும் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வருபவன் மூன்றாமவன். நெல்லை நண்பன் தானும் வீட்டை விட்டு வந்தவனாதலின், கென்ய நண்பனது தனிமையை முதலில் உணர்ந்தான். அவனே உலாவிற்கு ஏற்பாடு செய்தான். ‘வழி காட்டுவது என் பொறுப்பு; இப்பாதை முழுவதும் எனக்குத் தெரியும்’ என்றான் குரோம்பேட்டை நண்பன். அவன் சனிக்கிழமை காலையிலேயே தாம்பரத்திற்கு வந்து சேர்ந்தான். மூவரும் எழும்பூருக்குச் சீட்டு வாங்கி, மின்சார வண்டியில் ஏறினர்.

சென்னைக் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931ஆம் ஆண்டில் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. அப்பாதையின் நீளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அந்நாளில் மீட்டர் பாதையில் ஓடிய வண்டிகள், 2004ஆம் ஆண்டுமுதல் அகலப் பாதையிலேயே ஓடுகின்றன. வயல்களும் ஏரிகளுமாக இருந்த ஊர்கள் புறநகர்களாக மாறியதற்கு இவ்விருப்புப் பாதை ஒரு பெருங்காரணமாகும். காலையில் நகருக்குச் சென்று மாலையில் மீள்வது எளிதானமையின், மக்கள் பாதையோரத்து ஊர்களிற் குடியேறினர். தாம்பரம் 2021இல் மாநகராட்சியாயிற்று. பல்லாவரமும் குரோம்பேட்டையும் அதனுள் அடங்கியுள்ளன.

வண்டி புறப்பட்டது. முதலில் வந்த நிலையத்தின் பெயர்ப் பலகையைக் கண்ட கென்ய நண்பன், “சானடோரியம் என்பது ஊரின் பெயரா?” என்று வினவினான். அதற்கு விடை கூறுதல் எளிதாக இருந்தது. மருத்துவர் சவுரிமுத்து என்பார் 1928ஆம் ஆண்டில் காசநோயாளருக்கென அங்கு ஒரு மருத்துவ நிலையத்தை நிறுவினார். காசநோய்க்குத் தக்க மருந்து காணப்படாத அக்காலத்தில் தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே மருந்தாகக் கருதப்பட்டன. அந்நிலையம் 1937இல் அரசினர் வசமாயிற்று. அதன் பெயரே நிலையத்திற்கும் ஆயிற்று.

அடுத்து வந்தது குரோம்பேட்டை. “இஃது உன் ஊர் அன்றோ? குரோம் என்பதன் பொருள் யாது?” என்றான் கென்ய நண்பன். வழிகாட்டி சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறந்த நாள்முதல் அவன் நாவில் வழங்கிய பெயர் அது. எனினும் அதன் பொருளை அவன் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. குரோம் உப்புக்களைக் கொண்டு தோலைப் பதனிடும் தொழிற்சாலை ஒன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு நடைபெற்றது. குரோம் தோல் செய்த பேட்டை குரோம்பேட்டையாயிற்று. நெல்லை நண்பன் எங்கோ படித்த இச்செய்தியை எடுத்துரைத்தான். உள்ளூரான் வெளியூரானிடம் தன் ஊர்ப் பெயரின் காரணத்தைக் கற்றுக்கொண்டான்.

வண்டி பல்லாவரத்தை அடைந்தது. இடப்புறத்தும் வலப்புறத்தும் கட்டடங்களுக்கு மேலே குன்றுகள் தலை காட்டின. ஒரு குன்றின் பக்கம் செங்குத்தாக வெட்டுண்டு நின்றது. “அந்தக் குன்றை யார் வெட்டினார்கள்? அங்கு என்ன இருக்கிறது?” என்று வினா எழுந்தது. “கல்லுடைத்த இடம், அங்கு ஒன்றுமில்லை” என்று விடையிறுத்தான் குரோம்பேட்டை நண்பன்.

அங்கு ஒன்றுமில்லை என்பது உண்மையோ? பல்லவபுரம் என்பதே பல்லாவரம் என மருவிற்று. முதலாம் மகேந்திரவர்மன் ஆங்கொரு குன்றில் குகைக்கோயில் குடைவித்தான். அஃது இன்று இசுலாமியர் வழிபடும் இடமாக உள்ளது. அக்குன்றுகளின் கல்லும் பெயர் பெற்றதே. கல்கத்தாவில் யோபு சார்னக்கு என்னும் ஆங்கிலேயரின் கல்லறையில் பதிக்கப்பெற்ற கல் சென்னைப் பகுதியிலிருந்து சென்றதாகும். அதனை ஆராய்ந்த தாமசு ஹாலந்து என்னும் நிலநூல் அறிஞர் 1893ஆம் ஆண்டில் அவ்வகைப் பாறைக்குச் ‘சார்னக்கைட்டு’ எனப் பெயரிட்டார். உலகெங்கும் அவ்வகைப் பாறை இப்பெயராலேயே வழங்கப்படுகிறது. உலகம் பெயர் சொல்லும் கல்லைத்தான் நாம் சல்லியாக உடைத்துச் சாலையில் இட்டோம்.

திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் ஆகிய நிலையங்கள் கடந்தன. பரங்கிமலை தோன்றியது. அதன் மேலிருந்த தேவாலயத்தைக் குரோம்பேட்டை நண்பன் பெருமையோடு காட்டினான். ஏசுநாதரின் மாணாக்கராகிய தோமையார் பெயரால் அம்மலை வழங்குவதை அவன் அறிந்திருந்தான். ஆயின் அம்மலைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இந்திய நாட்டை முறையாக அளக்கப் புகுந்த வில்லியம் லாம்டன் என்பார், 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் பரங்கிமலையருகே தம் வேலையைத் தொடங்கினார். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ நானூறு முறை கிடத்தி, பெரும்பாக்கத்துக் குன்று வரையிலும் ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அவர் அளந்தார். ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் பிற பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் அன்றோ? அம்முறையால் முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அடுக்கிச் சென்ற அளவை வேலை, பிற்காலத்தில் இமயம் வரை நீண்டது. எவரெஸ்டுச் சிகரத்தின் உயரத்தைக் கணித்தறிந்ததும் இவ்வேலையின் தொடர்ச்சியாலேயே.

எழும்பூரில் இறங்கிய மூவரும் பாந்தியன் சாலை வழியே நடந்து அரசினர் அருங்காட்சியகத்தை அடைந்தனர். 1851ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அக்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களும் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் இருக்கின்றன. நடராசர் திருவுருவின் முன் வழிகாட்டி நெடுநேரம் நின்று விளக்கம் கூறினான். கென்ய நண்பன் மரியாதையோடு கேட்டுக்கொண்டான். ஆயினும் அவன் முகம் மலர்ந்தது வேறோர் இடத்தில்.

பழங்காலக் கற்கருவிகள் வைக்கப்பட்டிருந்த பேழையின் முன் அவன் திடுமென நின்றான். ஒருமுனை கூராகவும் மறுமுனை கைக்குள் அடங்குமாறு தடித்தும் இருந்த கற்கள் அவை. மற்ற இருவரும் அவற்றைக் கூழாங்கற்கள் என்று எண்ணிக் கடந்து சென்றிருப்பர். “இவை கைக்கோடரிகள்! எங்கள் நாட்டுக் கற்களைப் போலவே உள்ளன!” என்று அவன் உரக்கக் கூறிவிட்டான். கென்யத் தலைநகராகிய நைரோபிக்குத் தென்மேற்கே ஒலோர்கெசைலி என்னும் இடத்தில் இத்தகைய கருவிகள் திரள் திரளாகக் கிடக்கின்றன. லூயி லீக்கியும் அவர்தம் மனைவியார் மேரி லீக்கியும் 1940களில் அவ்விடத்தை அகழ்ந்து ஆராய்ந்தனர். பள்ளியிற் படித்த நாளில் ஆசிரியரோடு சென்று அவன் அவற்றைக் கண்டிருந்தான்.

“இவை எங்குக் கிடைத்தன?” என்று அவன் வினவ, அருகிலிருந்த அலுவலர் கூறிய விடை மூவரையும் வியப்பில் ஆழ்த்தியது. நிலவியல் ஆய்வாளராகிய இராபர்ட் புரூசு பூட் என்பார், 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழி ஒன்றில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலத்தில் மனிதர் வாழ்ந்தனர் என்னும் ஆராய்ச்சி அந்த ஒரு கல்லிலிருந்தே தொடங்கியது. அவ்வாண்டிலேயே அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அவ்விடத்துக் கருவிகளுள் தொன்மையானவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என 2011ஆம் ஆண்டில் ஆய்வாளர் அறிவித்தனர். பூட் தம் வாழ்நாளில் திரட்டிய கருவித் தொகுதியை அரசினர் 1904ஆம் ஆண்டில் இவ்வருங்காட்சியகத்திற்கென வாங்கினர்.

குரோம்பேட்டை நண்பன் தலை குனிந்தான். “அங்கு ஒன்றுமில்லை என்று சொன்னேனே!” என்பதே அவன் வாயிலிருந்து வந்த சொல். கென்ய நண்பன் அவன் தோளில் கைவைத்து, “நானும் ஒலோர்கெசைலிக்கு அருகில் பிறந்திருந்தால் அவ்வாறே சொல்லியிருப்பேன்” என்றான். அச்சொல்லால் இருவர்க்கும் இடையே இருந்த விருந்தினன், வழிகாட்டி என்னும் வேறுபாடு மறைந்தது.

நண்பகலில் எழும்பூரில் ஓர் உணவு விடுதியில் மூவரும் இலையின்முன் அமர்ந்தனர். தன் நாட்டில் மக்காச்சோள மாவைக் கிளறிச் சமைக்கும் ‘உகாலி’யைப் பற்றி அயல்நாட்டு நண்பன் கூறினான். ‘எங்கள் கேழ்வரகுக் களியின் உடன்பிறப்பு அது’ என்று நெல்லை நண்பன் நகைத்தான். கல்லில் தொடங்கிய ஒற்றுமை களியிலும் காணப்பட்டது. பல நாட்களாக வீட்டு நினைவால் வாடியிருந்தவன் அன்று தன் தாயின் சமையலைப் பற்றி வாய்விட்டுப் பேசினான்.

மாலை வண்டியில் திரும்புகையில் குரோம்பேட்டை நண்பன் சாளரத்தின் அருகே அமர்ந்தான். நாள்தோறும் கண்ட குன்றுகளே அவை. ஆயினும் அன்றுதான் அவற்றை முதன்முறையாகக் கண்டவன்போல் நோக்கினான். வெட்டுண்ட குன்றின் பக்கத்தை மாலை வெயில் காட்டிற்று. உடைந்த கல்லை மீண்டும் குன்றாக்க எவராலும் இயலாது. அக்குன்றுகளின் பெருமை ஊராருக்குத் தெரிந்திருப்பின் அவற்றுள் சிலவேனும் தப்பியிருக்கக் கூடும். பகைவரால் அழிந்த செல்வங்களினும், ‘அங்கு ஒன்றுமில்லை’ என்ற சொல்லால் அழிந்தவை பல.

அயல்நாட்டு மாணவனை நகருக்கு அழைத்துச் செல்வோர், தாம் அவனுக்கு உதவுவதாகவே எண்ணுவர். அவ்வெண்ணம் பொய்யன்று, ஆயின் அது பாதி உண்மையே. அவன் கேட்கும் வினாக்கள் அவன் தரும் கைம்மாறாகும். விடை தெரியாதபோது நாணுதல் வேண்டா, தேடியறிதல் வேண்டும். தன் ஊரை அறியாதவன் உலகம் முழுதும் சுற்றினும் அரைக்கல்வியே பெறுவான்.

அடுத்த சனிக்கிழமை அம்மூவரும் மீண்டும் தாம்பரம் நிலையத்தில் நின்றனர். இம்முறை எழும்பூருக்குச் சீட்டு வாங்கவில்லை. மூன்றாம் நிலையமாகிய பல்லாவரத்திற்கே வாங்கினர்.