மறையூர்: கிழக்கே பாயும் ஆற்றின் ஊர்

தமிழ் கேரளத்துக்கு நம்மோடு ரயிலேறி வந்த மொழி என்றுதான் மட்டாஞ்சேரியில் வளரும் நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படி இல்லைங்க. இடுக்கி மாவட்டம் தேவிகுளம் தாலுகாவில், மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டை போகும் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் மறையூர். அந்த மலைப் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்தான் வீட்டுமொழி.

முதலில் நில அமைப்பைப் பார்ப்போம். ஊர் கடல் மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனைமுடி (2695 மீட்டர்) பக்கத்து மலைகள் தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால் இது மழைமறைவுப் பிரதேசம். இந்த வறட்சி ஒத்துவருவதால்தான் சந்தனமரம் இங்கே தானாகவே வளர்கிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் கபினி, பவானி, பாம்பாறு மூன்று மட்டுமே கிழக்கே ஓடுகின்றன. பாம்பாறு இந்தப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, அமராவதியில் சேர்ந்து, காவிரிக்குப் போகிறது. 2007-ல் காவிரி நடுவர் மன்றம் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் 3 டி.எம்.சி. பாம்பாற்றுக்கு உரியது.

அந்தத் தண்ணீரில் கரும்பு விளைகிறது. தோட்டத்துக்குள்ளேயே ஆலை போட்டு, சாறு காய்ச்சி, கையால் உருட்டுகிற உருண்டை வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இனி வரலாறு. மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் சேர்ந்தது அஞ்சுநாடு. மதுரைப் பக்கமிருந்து முன்னோர் மலையேறி வந்தார்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி மரபு. அங்கே முதுவர் முதலிய மலைமக்களும் உண்டு. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது தேவிகுளம் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட போராட்டம் பலிக்கவில்லை. மறையூர் கேரளத்திலேயே நின்றது.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மறையூர்ப் பாறைகளின் மேல் நாலு கல்லை நிறுத்தி, மேலே பலகைக்கல் மூடிய அமைப்புகள் இருக்கின்றன. பெயர் 'முனியறை'. அந்தப் பேரைக் கேட்டதுமே, "எங்கள் சமண முனிவர் இருந்த இடமாச்சே!" என்று மனசு துள்ளியது. ஆனால் அவை பெருங்கற்கால ஈமச் சின்னங்கள். சமணர் இருந்த குகை என்றால் பாறையில் வெட்டிய படுக்கை இருக்கும், மழைநீர் உள்ளே வழியாமல் காடி இருக்கும். பெரும்பாவூர் பக்கத்துக் கல்லில் கோயிலில் இருப்பதுபோல் தீர்த்தங்கரர் உருவமாவது இருக்கும். முனியறையில் இவை எதுவும் கிடையாது. ஆசைக்காகச் சான்றை வளைக்கக் கூடாது.

அதேபோல் தமிழர் அங்கே இருந்ததை மறைக்கவும் வேண்டியதில்லை. கேரளத்தில் தமிழ் வந்தேறி மொழி என்று யாராவது சொன்னால் கோபப்பட வேண்டாம். விடுமுறைக்கு மூணாறு போகிறவர்கள் பிள்ளைகளை இன்னும் 40 கிலோமீட்டர் அழைத்துப் போய், பாம்பாறு எந்தத் திசையில் ஓடுகிறது, கரையில் இருப்பவர் என்ன மொழி பேசுகிறார் என்று காட்டிவிட்டு வாருங்கள். அது போதும்.