பிள்ளையைப் பார்ப்பது நீங்கள், வரிச்சலுகை அவருக்கா?

கடலாடியில் ஒரு டீச்சர்னு வச்சுக்குவோம். மாற்றுத்திறனாளி மகனைப் பார்த்துக்கிறதும், தெரபி, மருந்துச் செலவும் அவங்கதான். வெளியூர்ல இருக்கிற கணவர் பணம் அனுப்புறதில்லை. ஆனா, "எனக்குத்தான் சம்பளம் அதிகம், மாற்றுத்திறனாளி பிள்ளைக்கான வரிக்கழிவை நான் எடுத்துக்கிறேன்"ங்கிறார்.

வருமான வரிச் சட்டம் சம்பளத்தைப் பார்க்காது. பிள்ளை முக்கியமாக யாரைச் சார்ந்திருக்கு, செலவு செய்தது யார் என்றுதான் பார்க்கும். அதனால் கழிவு டீச்சருக்கே.

குறைபாடு 40% இருந்தால் ரூ.75,000, 80% அல்லது மேல் என்றால் ரூ.1,25,000. செலவு குறைவானாலும் முழுத்தொகை உண்டு. 1,25,000 ரூபாயும் 20% ஸ்லாபில் கழிந்தால், செஸ்ஸோடு ரூ.26,000 மிச்சம்!

ஆனால் இது பழைய வரிமுறையில் மட்டுமே. ரெண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துட்டுத் தேர்ந்தெடுங்க. பிள்ளையின் மருத்துவச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். தெரபி கட்டணத்தை உங்க கணக்கிலிருந்தே கட்டுங்க. நாளைக்குக் கேள்வி வந்தால் ரசீதுதான் பேசும்.