சலவைப்பொறி உள்ள வாடகை வீடு

படிப்பின் பொருட்டோ பணியின் பொருட்டோ அமெரிக்காவுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் எல்லோரும் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் வாழ்வதில்லை. வர்ஜீனியா மாநிலத்துப் பிளாக்ஸ்பர்க் போன்ற, ஐம்பதாயிரம் மக்கள்கூட இல்லாத பல்கலைக்கழகச் சிறுநகரங்களில் குடியேறுவோர் பலர். அங்கிருந்து மகள், “வாடகை சற்று அதிகந்தான், ஆனால் வீட்டிற்குள்ளேயே சலவைப்பொறி இருக்கிறது” என்று சொன்னால், ‘இதென்ன ஆடம்பரம்!’ என்று கடிந்துகொள்ளும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அவர்கள் சற்றே பொறுத்துக் கேட்பார்களாக.

அங்கே பனிக்காலத்தில் வெளியில் துணி உலராது. கோடையிலோ, முகப்பு மாடத்தில் துணி தொங்கவிடலாகாது என்று வாடகை ஒப்பந்தங்கள் பல தடை விதிக்கின்றன. (வெயிலைப் பயன்படுத்தவும் அனுமதி வேண்டும் போலும்!) ஆகவே, துவைக்கும் பொறியோடு உலர்த்தும் பொறியும் தேவையாகின்றது.

புதிதாகச் செல்வோர் இடறி விழுவது விளம்பரச் சொற்களில்தான். ‘இன் யூனிட்’ என்றால் இரு பொறிகளும் வீட்டினுள்ளேயே உள்ளன. ‘ஆன் சைட்’ என்றால் கட்டடத்தில் எங்கோ ஓர் அறையில், எல்லோருக்கும் பொதுவாக உள்ளன. பெரும்பாலும் காசு போட்டு, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ‘ஹூக்கப்’ என்பதே மயக்கும் சொல். குழாயும் வடிகாலும் மின்னிணைப்பும் மட்டுமே இருக்கும். பொறிகளைக் குடியிருப்பவரே வாங்க வேண்டும். வாங்கினாலும் மற்றொரு சிக்கல். உலர்த்தும் மின்பொறிக்கு 240 வோல்ட் இணைப்பு வேண்டும். 1996-ஆம் ஆண்டின் மின்விதித் தொகுப்பு புதிய இணைப்புகளுக்கு நான்கு முனைகளை விதித்தது. பழைய வீடுகளில் மூன்று முனைகளே காணப்படும். பொருந்தாவிடில் பொறியின் மின்வடத்தை மாற்றியாக வேண்டும்.

இவற்றுள் எதுவுமே இல்லாத வீடு மலிவாகக் கிடைக்கலாம். ஆனால், மோட்டார் வண்டி இல்லாத ஓர் இளந்தாய், கைக்குழந்தையோடும் துணிமூட்டையோடும் பனியில் நடந்து பொதுச் சலவையகத்தை அடைந்து, துவைத்து உலரும்வரை அங்கேயே அமர்ந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். தனித்து வாழும் மாணவனுக்குப் பொது அறை போதும். குழந்தையுள்ள குடும்பத்திற்குக் கூடுதல் வாடகை தகும் என்பதே என் கருத்து.

கையொப்பமிடுமுன் இரு பொறிகளையும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தல் நன்று. பழுதானால் செப்பனிடுபவர் யார் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். முன்பணம் இருமாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும், வீட்டைவிட்டு நீங்கிய 45 நாள்களுக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும் என்றும் வர்ஜீனியச் சட்டம் கூறுகின்றது. பிற மாநிலங்களில் விதி வேறுபடும். குடிபுகும் நாளிலேயே பொறிகளைப் படமெடுத்து வைத்தால், பழைய கீறலுக்கு முன்பணத்தில் கைவைக்க இயலாது.

உலர்த்தும் பொறியின் வடிகட்டியில் சேரும் பஞ்சுத்தூசியை ஒவ்வொரு முறையும் அகற்ற வேண்டும். அது தேங்கித் தீப்பற்றிய வீடுகள் அந்நாட்டில் ஏராளம்.