தீபாவளிக்கு மறுநாள் துடைப்பம் யார் கையில்?

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒட்டடை அடிக்க, ஃபேன் துடைக்க, பரணிலிருந்து பாத்திரம் இறக்க வீட்டில் எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். மறுநாள்? வாசலில் சரவெடிக் காகிதம் செக்கச்செவேல் என்று கம்பளம் விரித்திருக்கும். அடுப்பு மேடையில் எண்ணெய்ச் சட்டி அநாதையாக உட்கார்ந்திருக்கும். பாத்ரூம் தரை சீயக்காயும் நல்லெண்ணெயுமாகச் சறுக்கு மரம். நாற்காலி எங்கே என்று தேடும் அளவுக்குத் துணி. நம்ம ஆள் மட்டும் ‘லீவு முடியுதே’ என்ற சோகத்தில் டி.வி. முன்னால் மல்லாந்து கிடப்பார்!

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு வாரம் முன்பே முறுக்கு பிழிய ஆரம்பித்தவர் அம்மா (அல்லது மனைவி). விடியற்காலை 3 மணிக்கு எழுந்து வெந்நீர் போட்டவரும் அவர்தான். வந்த விருந்தாளிக்கெல்லாம் காபி கலந்தவரும் அவர்தான். மறுநாள் துடைப்பத்தை எடுப்பதும் அவரே என்றால், அந்த வீட்டில் ஒருத்தருக்கு மட்டும் தீபாவளி வரவேயில்லை என்று அர்த்தம். செலவு முழுக்க ஒரே பெயரில் ஏறிக்கொண்டே போனால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

ஆகவே பிரதர், முன்பாதி அவர்கள், பின்பாதி நீங்கள். ஆபீஸ் விட்டு வந்ததும் தினம் அரை மணி. மொத்தம் நாலு சாயங்காலம்.

முதல் நாள்: வாசல்

எடுத்த எடுப்பில் சர்சர்ரென்று பெருக்காதீர்கள். பட்டாசுத் தூசி முழுக்க உங்கள் மூக்குக்குள்தான் போகும். லேசாகத் தண்ணீர் தெளித்து, மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பெருக்குங்கள். பட்டாசில் பேரியம் உப்பு சேர்க்க உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை போட்டுவிட்டது. அதற்காகக் குப்பை சாமி பிரசாதம் ஆகிவிடாது. கந்தகம், அலுமினியத் தூள் எல்லாம் அதில்தான் இருக்கிறது. குவித்து வைத்துக் கொளுத்துவது மகா தப்பு.

திரி மட்டும் எரிந்து ‘புஸ்’ஸாகிப் போன வெடிகளைத் தனியாகப் பொறுக்கி ஒரு வாளித் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். வெடிக்காத வெடிகளைப் பிரித்து, மருந்தைக் கொட்டிக் கொளுத்திப் பார்க்கும் பொடியன் விஞ்ஞானிகள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. அந்த ஆராய்ச்சி முடிகிற இடம் ஆஸ்பத்திரி.

ஊறிய வெடியையும் பெருக்கிய காகிதத்தையும் தனிச் சாக்கில் கட்டுங்கள். சாப்பாட்டுக் குப்பையோடு சேர்க்க வேண்டாம். சென்னை மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் பட்டாசுக் கழிவைத் தனியாக வாங்கி, கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுகளைக் கையாளும் இடத்துக்கு அனுப்பியிருக்கிறது. தூய்மைப் பணியாளரிடம் ‘இது பட்டாசுக் குப்பைங்க’ என்று சொல்லிக் கொடுப்பது நம் வேலை. அவர் கைக்கும் பத்து விரல்தானே!

பிரிக்காத பட்டாசைக் கார்த்திகைக்கு எடுத்து வைப்பது வழக்கம்தான். வைக்கிற இடம் அடுப்பங்கரைப் பரணாகவோ, ஸ்விட்ச் போர்டு பக்கமாகவோ இருக்கக் கூடாது. குழந்தை கைக்கும் எட்டக் கூடாது.

இரண்டாம் நாள்: அடுப்பங்கரை

காமர்ஸ் படித்தவர்களுக்கு ‘முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே’ என்ற விதி தெரிந்திருக்கும். பட்சண டப்பாக்களுக்கு அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் கெடுவது முதலில் வெளியே! பால் இனிப்புகளை ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும். லட்டு, மைசூர்பாகு அடுத்து. முறுக்கு, தட்டை காற்றுப் புகாத டப்பாவில் இருந்தால் நிதானமாகக் கொறிக்கலாம். ஈரக்கை மட்டும் படக் கூடாது. தீராது என்று தெரிந்தால் இன்றைக்கே நாலு பேருக்குக் கொடுங்கள். ‘கெட்டுப்போன பிறகு தானம்’ என்ற புண்ணியம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

அடுத்து அந்த எண்ணெய்ச் சட்டி. சிங்கில் மட்டும் ஊற்றாதீர்கள். குழாயில் படிந்து இறுகி அடைத்துக்கொள்ளும். பிறகு ப்ளம்பருக்கும் போனஸ்! ஆறியதும் வடிகட்டுங்கள். நிறம் நன்றாக இருந்தால் ஓரிரு நாளுக்குள் தாளிக்கத் தீர்க்கலாம். கறுத்து, நுரைத்து, காறல் வாசனை வந்ததென்றால் பாசத்தைக் கைவிடுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் உடம்புக்கு ஆகாது. 2018-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் தயாரிக்க ஒரு திட்டமே தொடங்கியது. வீட்டில் அரை டம்ளர்தான் என்றால் பழைய பேப்பரில் ஊற வைத்துக் குப்பையில் போடலாம்.

மேன்ஷன்வாசிகளே, சிரிக்காதீர்கள். ஊரிலிருந்து அம்மா கட்டிக் கொடுத்த பையைப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் தள்ளினால், நீங்கள் ஆபீஸ் போயிருக்கும் நேரத்தில் எறும்புகள் தீபாவளி கொண்டாடும்.

மூன்றாம் நாள்: துணி

எண்ணெய்க் குளியல் துண்டுகளையும் தலையணை உறைகளையும் மற்ற துணியோடு போடாமல், சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் தனியாக ஊற வையுங்கள். பட்டு வேட்டி, பட்டுப் புடவையைக் கட்டி அவிழ்த்த சூட்டோடு பீரோவில் திணிக்கக் கூடாது. நிழலில் உலர்த்தி, பழைய மடிப்பு விழுந்த இடத்தை மாற்றி மடித்து, பருத்தித் துணியில் சுற்றுங்கள். பாச்சை உருண்டையை ஜரிகைமேல் நேரடியாகப் போட வேண்டாம்.

நான்காம் நாள்: பரண்

அண்டா, தேன்குழல் அச்சு, பெரிய தாம்பாளம் எல்லாம் மேலே ஏற வேண்டிய நாள். ஐம்பது வயது தாண்டிய அம்மா ஸ்டூலில் ஏறி நிற்க, ஐந்தே முக்கால் அடி உயரமுள்ள மகன் கீழே நின்று ‘பார்த்தும்மா’ என்று சொல்லும் காட்சி இந்த வருஷம் வேண்டாமே! ஈரம் போகத் துடைத்து, நீங்கள் ஏறி வையுங்கள். கனமானது அடியில், லேசானது மேலே.

காலி ஸ்வீட் டப்பாக்களைப் பார்த்ததும் ‘எதுக்காவது ஆகும்’ என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். போன வருஷ டப்பா எதுக்காவது ஆச்சா? இல்லையென்றால் பழைய பேப்பர்காரருக்குப் போகட்டும்.

கடைசியாக ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்தச் சாமான் எந்த மூலையில், எந்தப் பட்சணம் மிஞ்சியது, எது பத்தவில்லை என்று எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் ‘அச்சு எங்கேடா?’ என்று வீட்டையே புரட்ட வேண்டாம். முறுக்கும் இரண்டு படி குறைவாகப் பிழிந்தால் போதும் என்று தெரியும். அந்த இரண்டு படி மிச்சம் உங்களுக்கு இல்லை, பிழிகிற கைக்கு!

நாலு நாள் வேலைக்குக் கூலி உண்டா என்கிறீர்களா? ஐந்தாம் நாள் சாயங்காலம் அம்மா ஹாலில் ஹாயாக உட்கார்ந்து சீரியல் பார்ப்பார். அதைப் பாருங்கள். காபி மட்டும் அவரையே கேட்டுவிடாதீர்கள்!