கொஹிமா யுத்த மயானம்

1944-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஜப்பானியச் சேனை பர்மாவிலிருந்து நாகர் மலைகளில் ஏறி வந்து, திமாப்பூர்ப் பாதையைக் கைப்பற்றும் பொருட்டு இம்மயானம் அமைந்துள்ள இக்குன்றை முற்றுகையிட்டபோது, டெபுடி கமிஷனரின் பங்களாவும் அதனைச் சேர்ந்த டென்னிஸ் மைதானமுமே போர்முனையாயின. மைதானத்தின் ஒரு புறத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படையினரும் மறு புறத்தில் ஜப்பானியரும் குழி தோண்டிப் பதுங்கி, முன்பு பந்து பறந்த அச்சிறு இடைவெளியில் கையெறி குண்டுகளை வீசிக்கொண்டனர் என்றால், நம்புவது சற்றுச் சிரமந்தான். எனினும் தாங்கள் காணும் இவ்வெண்ணிறக் கோடுகள் அந்த மைதானத்தின் எல்லைகளே. காயமுற்றோரைச் சுமந்தும் மலைவழி காட்டியும் நாகர் குடிகள் புரிந்த சகாயம் சாமானியமானதன்று.

இங்குள்ள கல்லறைகள் 1,420. தங்கள் மதாசாரப்படி தகனம் செய்யப்பெற்ற ஹிந்து, சீக்கிய வீரர் 917 பேரின் ஞாபகச் சின்னம் குன்றின் உச்சியில் இருக்கிறது. ஏற்றத்திற்கு அஞ்சி, மைதானத்தைக் கண்டதோடு திரும்பிவிடலாகாது.

ஜப்பானியத் துப்பாக்கி வீரர் மறைவிடமாகக் கொண்டிருந்த செர்ரி மரம் யுத்தத்தில் அழிந்துபோக, அதன் அடிக்கட்டையில் துளிர்த்து வளர்ந்ததே இப்போதுள்ள மரம். அதன் பட்டையில் பெயர் செதுக்குதல் கூடாது.